மத்தியானத்தில் இறங்கும் முள்

நான் மேலே படிப்பதா, தவளக்குப்பத்து மாமா வீட்டுக்கு மருமகளாகப் போவதா என்பதை ஒரு கண்ணாடிக் குழாய்தான் முடிவு செய்ய வேண்டியிருந்தது. இதைச் சொன்னால் இப்போது சிரிக்கிறார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும். எனக்கு அப்போது பதினேழு வயது. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

புதுச்சேரியில் கொடி மாறிச் சில வருஷங்கள்தான் ஆகியிருந்தன. நாங்கள் படித்த கல்லூரியில் பிரெஞ்சுப் பாடத்திட்டம் ஒரு பக்கம் முடிந்துகொண்டிருக்க, பல்கலைக்கழகப் பாடத்திட்டம் இன்னொரு பக்கம் உள்ளே வந்துகொண்டிருந்தது. இயற்பியலில் பி.எஸ்ஸி. வகுப்பு அங்கே இல்லை. வேண்டுமென்றால் மெட்ராஸ் போக வேண்டும். அப்பா அதை ஒரே பேச்சில் முடித்துவிட்டார். "இந்த ஊர்ல இருந்தா படி. இல்லன்னா மாமன் ஊட்டுக்குச் சொல்லி அனுப்பிடுவேன்." அப்பா மில்லில் ராத்திரி ஷிப்ட். அதிகம் பேசுகிறவர் இல்லை, சொன்னால் சொன்னதுதான். அம்மாவுக்கு என்றால் சொல்லி அனுப்புவதற்கு இவ்வளவு நாள் காத்திருப்பதே பிடிக்கவில்லை.

பி.எஸ்ஸி. வகுப்புக்கு அனுமதி கொடுக்கலாமா என்று பார்க்கப் பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு கமிஷன் வருவதாக இருந்தது. புத்தகங்கள், மேசைகள், தராசுகள் எல்லாம் இருந்தன. அணுவைப் பற்றிய நவீனச் சோதனை ஒன்றையாவது அவர்கள் கண் முன்னால் நடத்திக் காட்ட வேண்டும் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். அது இல்லாவிட்டால் வகுப்பு இல்லை. வகுப்பு இல்லாவிட்டால் எனக்குத் தவளக்குப்பம்.

லேபின் பின்னறையில் பிரெஞ்சுக்காரர்கள் விட்டுப்போன மரப்பெட்டி ஒன்று இருந்தது. அதில்தான் அந்தக் குழாய் வந்திருந்தது. உள்ளே துளி பாதரசம், ஒரு கம்பிச் சுருள், ஒரு கம்பி வலை, ஒரு தட்டு. கூடவே அதை உள்ளே வைத்துச் சூடாக்க ஒரு மின்சார அடுப்பு. கனமான இரும்புப் பெட்டி, முன்பக்கம் சின்ன ஜன்னல். விளக்கக் காகிதத்தைக் கரையான் தின்றிருந்தது. எவ்வளவு சூடு வேண்டும் என்ற ஒரு வரி மட்டும் தப்பியிருந்தது. புதிதாக வந்திருந்த லெக்சரர் கும்பகோணத்துப் பக்கத்துக்காரர், பிரெஞ்சு ஒரு எழுத்து தெரியாது. நான் பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவள். பெட்டியில் ஒட்டியிருந்ததைப் படித்துச் சொல்ல என்னைக் கூப்பிட்டார். போனவள் அங்கேயே ஒட்டிக்கொண்டேன்.

அந்தச் சோதனையை எளிதாகச் சொல்லிவிடலாம். சூடான கம்பியிலிருந்து எலக்ட்ரான்கள் கிளம்புகின்றன. வலை அவற்றை இழுக்கிறது. வலைக்கு அப்பால் தட்டு. வலைக்கும் தட்டுக்கும் நடுவே ஒரு சின்ன மேடு மாதிரி எதிர் மின்னழுத்தம் வைத்திருப்போம். தெம்பு இருக்கிற எலக்ட்ரான்தான் அந்த மேட்டில் ஏறித் தட்டைத் தொடும். எத்தனை தொட்டன என்பதை ஒரு மீட்டரின் முள் காட்டும். வழியெல்லாம் பாதரச ஆவி. எலக்ட்ரான் பாதரச அணுக்களின்மேல் மோதி மோதித்தான் போக வேண்டும். அணு ரொம்பக் கனம். இரும்புக் குண்டின்மேல் இலந்தைக் கொட்டையை எறிந்த மாதிரி எலக்ட்ரான் திசை மாறித் தெறிக்குமே ஒழிய, தன் தெம்பை இழக்காது. ஆனால் இழுக்கும் மின்னழுத்தம் ஏற ஏற, ஐந்து வோல்ட்டுக்குச் சற்றுக் குறைவான ஓர் இடத்தில், கதை மாறும். அங்கே அணு எலக்ட்ரானிடம் இருப்பதை முழுசாக வாங்கிக்கொள்ளும். அதற்குக் கீழே கொடுத்தால் அணு சீந்தாது. கொடுத்துவிட்ட எலக்ட்ரானுக்கு மேடு ஏற முடியாது, ஏறிக்கொண்டே வந்த முள் சட்டென்று இறங்கும். மின்னழுத்தத்தை மேலும் கூட்டினால் அதே எலக்ட்ரான் மறுபடி தெம்பு சேர்க்கும். முள் ஏறும். பிறகு மறுபடி ஒரு மோதல், மறுபடி இறக்கம். முள் இப்படி ஏறி இறங்க வேண்டும். அதுதான் அணுவைப் பற்றி அந்தக் குழாய் சொல்லும் சாட்சி.

எங்கள் முள் இறங்கவே இல்லை. தெர்மாமீட்டர் குறித்த சூட்டைத் தொட்டதும் லெக்சரர் மின்னழுத்தத்தைக் கூட்டும் குமிழைத் திருப்புவார். முள் ஏறும், ஏறும், ஏறிக்கொண்டே போகும். கொஞ்சம் அதிகமாகத் திருப்பினால் குழாய்க்குள் அழகான நீல வெளிச்சம் பரவி, முள் ஒரேயடியாகக் கடைசிக் கோட்டில் போய் இடிக்கும். முதல் தடவை அந்த நீலத்தைப் பார்த்து நான் கை தட்டினேன். லெக்சரர் தலையில் அடித்துக்கொண்டார். "அது கெட்டுப்போன அடையாளம். ஆவி போதவில்லை. எலக்ட்ரான் யார்மீதும் மோதாமல் நீள ஓடி, எக்கச்சக்கமாக வேகம் சேர்த்துக்கொண்டு, கிடைத்த அணுவை உடைக்கிறது." ஆவி ஏன் போதவில்லை என்பது மட்டும் அவருக்குப் புரியவில்லை. சூடு சரியாகத்தானே இருக்கிறது என்று தெர்மாமீட்டரைத் தட்டித் தட்டிப் பார்ப்பார். எனக்கு முன்கோபம் அதிகம். அந்தக் குழாயைத் தூக்கிக் கடலில் போட வேண்டும்போல் வரும்.

இங்கே எங்கள் ஊர்ப் பழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். பன்னிரண்டு மணிச் சங்கு ஊதியதும் புதுச்சேரி மூடிவிடும். கடை, சர்க்கார் கச்சேரி, பள்ளிக்கூடம், கல்லூரி எல்லாம். எல்லோரும் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டு, ஜன்னலைச் சாத்தித் தூங்கி, வெயில் தாழ்ந்த பிறகுதான் திரும்புவார்கள். எங்கள் லேபில் அந்தப் பழக்கத்துக்குக் காவல் ஒருவர் இருந்தார். லேபைப் பார்த்துக்கொள்கிறவர். பிரெஞ்சுக்காரர் காலத்தில் அந்த வேலைக்கு 'பிரெப்பரத்தேர்' என்று பெயர், கொடி மாறிய பிறகும் அவர் அந்தப் பெயரில்தான் இருந்தார். வெள்ளைக் கோட்டு, கறுப்பு டை, கையில் தொப்பி. சங்கு ஊதி அடங்குவதற்குள் வராந்தாச் சுவரில் இருந்த மெயின் சுவிட்சின் இரும்புக் கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்துக் கீழே இழுப்பார். கட்டிடம் முழுக்க மின்சாரம் நின்றுவிடும். நெருப்புப் பயம். அந்தக் கைப்பிடியை வேறு யாரும் தொட்டு நான் பார்த்ததில்லை. பிரின்சிபல்கூடத் தொட மாட்டார்.

காலையில் மற்ற வகுப்புகள் நடக்கும்போது அடுப்பைப் போட்டால் ஃபியூஸ் போய்விடும். அதனால் அவை முடிந்த பிறகுதான் போடுவோம். சங்கு ஊதுவதற்குச் சற்று முன்னால் தெர்மாமீட்டர் குறித்த இடத்துக்கு வரும். அவசர அவசரமாக அளவெடுப்போம். பிறகு கைப்பிடி கீழே இறங்கும், அடுப்பு ஆறிவிடும். சாயங்காலம் முதலிலிருந்து ஆரம்பித்தால், சூடு ஏறுவதற்குள் கல்லூரி மூடும் மணி. தினமும் இதே கூத்து. லெக்சரர், குழாய் செத்துவிட்டது என்ற முடிவுக்கு வந்தார். அன்று வீட்டுக்குப் போகும்போது பெரிய வாய்க்கால் பாலத்தில் நின்று அழுதேன். யாரும் பார்க்கவில்லை, மத்தியானம் தெருவில் யாரும் இருக்க மாட்டார்கள்.

ஒரு நாள் பிரெப்பரத்தேரின் சொந்தத்தில் யாரோ தவறிவிட்டார்கள். மாதா கோயிலில் பூசை வைக்கிறார்கள் என்று பாதியில் போனவர், போகிற அவசரத்தில் மெயினை நினைக்கவில்லை. சங்கு ஊதியது, லெக்சரர் மெஸ்ஸுக்குச் சாப்பிடப் போனார், நான் வீட்டுக்குப் போனேன். கைப்பிடியை இழுக்க வேண்டும் என்று எங்கள் இருவருக்கும் தோன்றவே இல்லை. அது எங்கள் வேலை என்று நாங்கள் நினைத்ததே கிடையாது.

மூன்று மணிக்கு முதலில் வந்தவள் நான். அடுப்பு அனலாகக் கொதித்துக்கொண்டிருந்தது. அடுப்பின் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். குழாயின் அடியில் எப்போதும் மணி மணியாக மின்னும் பாதரசம், அன்று பெரும்பாலும் காணவில்லை. குமிழைத் திருப்பினேன். முள் ஏறியது. ஏறி, தயங்கி, இறங்கியது. எனக்கு உயிரே போய்விட்டது, எதையோ உடைத்துவிட்டேன் என்று. பின்னால் திருப்பி, மறுபடி முன்னால் திருப்பினேன். அதே இடத்தில் இறங்கியது. இன்னும் திருப்பினால் ஏறி மறுபடி இறங்கியது. லெக்சரர் வந்ததும், "எதற்குத் தொட்டாய்? இணைப்பு எங்கோ லூஸாகியிருக்கும்" என்று எரிந்து விழுந்தார். பிறகு தானே திருப்பிப் பார்த்தார். அப்புறம் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

விஷயம் இவ்வளவுதான். தெர்மாமீட்டர் அடுப்புக்குள் இருக்கும் காற்றின் சூட்டைச் சொன்னது. பாதரசம் கிடந்த அடிமுனை சூடாக அதற்குமேல் வெகு நேரம் வேண்டும். குழாயில் எந்த மூலை குளிர்ந்திருக்கிறதோ அந்த மூலைதான் ஆவியின் அளவைத் தீர்மானிக்கும். எலக்ட்ரான்கள் மோதுவதற்கு அணுக்களே இல்லாத நேரமாகப் பார்த்து நாங்கள் அளவெடுத்திருக்கிறோம். அணுக்கள் வரவேண்டிய நேரத்தில் ஊரோடு சேர்ந்து தூங்கப் போயிருக்கிறோம். வேறு ஊராக இருந்தால் இந்தத் தப்பு நடந்திருக்காது.

மத்தியானம் லேபைத் திறந்து வைக்க வேண்டும் என்று லெக்சரர் பிரின்சிபலிடம் கேட்டார். பிரெப்பரத்தேர் பிரெஞ்சில் "நோன்" என்றார், முடியாது. ஆள் இல்லாத கட்டிடத்தில் மெயின் போட்டிருக்கக் கூடாது. சரி, ஆள் இருந்தால்? லெக்சரர் கல்யாணமாகாதவர். ஊர் தூங்கும் நேரத்தில் அவரும் நானும் மட்டும் ஒரு கட்டிடத்தில் இருப்பதை அவரே ஒப்புக்கொள்ள மாட்டார். பிரின்சிபல் யோசித்துச் சொன்னார்: பெண்ணின் வீட்டு ஆள் ஒருவர் கூட உட்கார்ந்தால் சரி.

வீட்டில் சொன்னேன். அம்மா பாத்திரத்தை நங்கென்று வைத்தாள். "ராவெல்லாம் மில்லுல நின்னுட்டு வர்ற மனுசன், பகல்லயும் தூங்காம அங்க போயி ஒக்காரணுமா? ஒடம்பு இன்னாத்துக்கு ஆகும்?" அவள் சொன்னது நியாயம். அப்பாவுக்கு அப்போதே பஞ்சுத் தூசி நெஞ்சில் இறங்கியிருந்தது. பேச ஆரம்பித்தால் இருமல் முந்திக்கொள்ளும். அப்பா சோற்றைப் பிசைந்தபடி என்னிடம் கேட்டார்.

"அங்க பெஞ்சு இருக்குதா?"

"இருக்குதுப்பா."

"அப்ப அங்கயே தூங்கிக்கிறேன். எங்க தூங்குனா இன்னா?"

மறுநாள் எங்கள் வீடு இருந்த நெல்லித்தோப்பிலிருந்து என்னோடு நடந்து வந்தார். தலைமுடியில் பஞ்சு. பிரெப்பரத்தேர் அவரை மேலும் கீழும் பார்த்தார். சாவியைக் கொடுப்பதற்குள் எத்தனை எச்சரிக்கைகள்! ஜன்னல் திறந்திருக்க வேண்டும், பீடி கூடாது, மெயினை யாரும் தொடக் கூடாது, மூன்று மணிக்குத் தானே வந்து இழுத்து, ஃபியூஸைப் பார்த்துவிட்டுத்தான் மறுபடி போடுவார். அப்பா எல்லாவற்றுக்கும், மில்லில் துரைகளைக் கூப்பிடுகிற மாதிரி, "ஆவட்டும் முசியே" என்றார். பிரெப்பரத்தேர் போனதும் அப்பா பின்சுவர் ஓரத்துப் பெஞ்சில் துண்டை விரித்துப் படுத்தார். அந்தக் கட்டிடத்தின் அமைதியில் அப்பாவின் மூச்சு இழுப்பதும், அடுப்பு ஓயாமல் முனகுவதும்தான் சத்தம்.

முள் இறங்க ஆரம்பித்ததும் அப்பாவை எழுப்பினேன். எழுப்பியிருக்க வேண்டாம், ஆனால் யாரிடமாவது காட்டாமல் இருக்க முடியவில்லை. கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்து நின்றார்.

"அடடா, எறங்குது பாரு. கெட்டுப் போச்சா?"

"இல்லப்பா. இப்பதான் சரியா இருக்கு."

சொல்லிப் பார்த்தேன். வழியெல்லாம் மோதிக்கொண்டு வருகிறது, சின்ன மோதலில் ஒன்றும் போகாது, ஒரு அளவு வந்ததும் இருப்பதை எல்லாம் அணு வாங்கிக்கொள்ளும், அதனால் இது மேடு ஏற முடியாமல் நின்றுவிடும் என்று.

"எல்லாத்தயும் குடுத்துட்டா அப்புறம் அது இன்னா பண்ணும்?"

"திரும்பச் சேக்கும்பா. அதோ, முள்ளு ஏறுது பாருங்க."

"வாங்கிக்கிச்சே, அந்த அணு? அது இன்னா பண்ணும், வெச்சிக்குமா?"

"வெச்சிக்காது. வெளிச்சமா வெளிய உட்டுடும். ஆனா கண்ணுக்குத் தெரியாத வெளிச்சம்."

அப்பா சிரிக்க ஆரம்பித்து இருமலில் முடித்தார். "கண்ணுக்குத் தெரியாத வெளிச்சத்துக்கா இம்மாந் தூரம் என்னக் கூட்டியாந்த?" என்றார். போய்ப் படுத்துக்கொண்டார். ஆனால் மறுநாள் நான் எழுப்பாமலே எழுந்து வந்து, முள் இறங்குகிறதா என்று பார்த்துவிட்டுப் போய்ப் படுத்தார்.

அந்தச் சோதனையைவிட அப்பாவுக்குப் பெரிதாகப் பட்டது மெயின் சுவிட்சின் கைப்பிடி. மில்லில் மெஷின்களை ஓட்டுகிறவர்கள் நூற்றுக்கணக்கில் இருப்பார்கள், எல்லாவற்றையும் ஒரே இழுப்பில் நிறுத்துகிற ஆள் ஒருவர்தான். அவர்தான் பெரிய ஆள். அதனால் பிரெப்பரத்தேர் மூன்று மணிக்கு வந்து கைப்பிடியை இழுக்கும்போதெல்லாம் அப்பா பக்கத்தில் போய் நிற்பார்.

"முசியே, எம் பொண்ணு இம்மாம் படிக்குது. ஒருதரம் அத இழுக்க உடக் கூடாதா?"

"நோன். அது வெளாட்டு சாமான் இல்ல."

"ஒரே ஒருதரம்."

"சொன்னா கேக்கணும்."

எனக்குக் கூச்சமாகவும் கோபமாகவும் வரும். எனக்கு அதை இழுக்கும் ஆசையே கிடையாது என்று அப்பாவிடம் சொல்லிப் பார்த்தேன். "நீ சும்மா இரு" என்றுவிட்டார்.

கமிஷன் வந்த அன்று கல்லூரிக்கு விடுமுறை. விடியும் முன்பே மெயின் போட்டு அடுப்பைச் சூடாக்கினோம். அப்பா ஷிப்ட் முடிந்து வீட்டுக்குப் போகாமல் நேராக வந்திருந்தார். கமிஷன்காரர்கள் வந்தபோது எழுந்து வராந்தாவில் ஒதுங்கி நின்றார். ஆகக் கறாராகத் தெரிந்தவர் குமிழைத் தானே திருப்பினார். முள் ஏறியது, இறங்கியது, ஏறியது, இறங்கியது. அவர் இன்னொரு முறை திருப்பினார். பிறகு மற்றவர்களைப் பார்த்துத் தலையை ஆட்டினார். ஆடி மாதத்தில் வகுப்பு ஆரம்பித்தது.

ஆரம்பித்த கையோடு இன்னொரு முடிச்சு விழுந்தது. மின்சாரம் மத்தியானத்தில்தான் தாராளமாகக் கிடைக்கிறது என்று பி.எஸ்ஸி. செய்முறை வகுப்புகளை மத்தியானத்துக்கே வைத்துவிட்டார்கள். என்னோடு சேர்ந்த இன்னொரு பெண்ணைத் தீபாவளிக்குள் கட்டிக்கொடுத்துவிட்டார்கள். மிச்சம் நான் ஒருத்தி, கூட எல்லாம் பையன்கள். பிரின்சிபல் பழைய நிபந்தனையையே போட்டார். வீட்டு ஆள் உட்கார்ந்தால் பெண் இருக்கலாம், இல்லாவிட்டால் செய்முறை கிடையாது. செய்முறை இல்லாமல் பட்டம் கிடையாது.

அப்பா படிப்பு முடியும்வரை அந்தப் பெஞ்சில் படுத்துத் தூங்கினார்.

இப்படி ஒரு வரியில் எழுதுவது எனக்கே பொறுக்கவில்லை. ராத்திரி முழுக்க நின்ற கால்களோடு, வெயிலில் நடந்து வந்து, பையன்கள் பேசுகிற சத்தத்தில், சாய்மானம் இல்லாத ஒரு பெஞ்சில் ஒரு மனிதர் தூங்கினார். தூக்கத்தில் இருமுவார். முதலில் சில பையன்கள் சிரித்தார்கள். நான் திரும்பிப் பார்த்த பார்வையில் அது நின்றது. லெக்சரர் ஒரு நாற்காலி கொண்டுவந்து போட்டார், அப்பா அதில் உட்காரவில்லை, "படுத்தாத்தான் எனக்குத் தூக்கம் வரும் சார்" என்றார். பிரெப்பரத்தேர் மத்தியானத் தூக்கத்துக்கு வீட்டுக்குப் போவதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டார். சாவியைக் கொடுத்துவிட்டுப் போனவர், சீக்கிரம் திரும்பி வர ஆரம்பித்தார். பிறகு போவதே இல்லை. தொப்பியை முழங்காலில் வைத்துக்கொண்டு அந்த நாற்காலியில் உட்காருவார். தன் நீள ரொட்டியில் பாதியைப் பிய்த்து அப்பாவுக்கு வைப்பார். அப்பா தூக்குச் சட்டியிலிருந்து கருவாட்டுக் குழம்பை ஊற்றுவார். அவர்கள் ஒன்றும் பெரிதாகப் பேசிக்கொண்டதாக எனக்கு ஞாபகம் இல்லை. கைப்பிடி பற்றிய பேச்சு மட்டும் மூன்று மணிக்குத் தவறாமல் வரும். அவரும் தவறாமல் "நோன்" சொல்வார்.

மூன்றாம் வருஷம் லெக்சரர் ஒரு விஷயம் சொன்னார். நான் அதை நம்ப மாட்டேன் என்று அவரோடு சண்டை போட்டேன். ஆர்கான் வாயுவில், ஒரு குறிப்பிட்ட மெதுவான வேகத்தில் எலக்ட்ரான் வந்தால், அணுக்கள் அங்கே இல்லவே இல்லை என்பதுபோல் ஊடுருவிப் போய்விடுமாம். வேகத்தைக் கூட்டினாலும் மோதும், குறைத்தாலும் மோதும். அந்த ஒரு வேகத்தில் மட்டும் ஒன்றின்மேலும் படாது. வழியில் அணு இருந்தால் எப்படிப் படாமல் போகும்? எலக்ட்ரானை ஒரு குண்டு என்று நினைத்துக்கொண்டிருக்கும்வரை புரியாது, அதை அலை என்று நினைத்தால்தான் புரியும் என்றார். எனக்குப் புரியவில்லை.

அந்தத் தை மாதம் அப்பா போய்விட்டார். நெஞ்சில் இருந்த தூசி ஒரு குளிர்காலத்தில் வேலையை முடித்துக்கொண்டது. ஊருக்குள் இருந்த ஆஸ்பத்திரியில், ஒரு வாரம்கூடப் படுக்கவில்லை. காரியம் முடிந்து வெளியே நடமாட ஆரம்பித்தபோது ஆர்கான் பாடம் எனக்குப் புரிந்தது. தெருவில் ஆட்கள் வருவார்கள், நின்று ஏதாவது கேட்பார்கள், தோளைத் தொடுவார்கள். ஒன்றும் என்மேல் படவில்லை. எல்லோருக்கும் ஊடே நான் நேராகப் போய்க்கொண்டிருந்தேன். என் அப்பாவை ஊர் தூங்கவிடவில்லை, மில் தூங்கவிடவில்லை, நானும் தூங்கவிடவில்லை என்று மட்டும் மனசுக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

தவளக்குப்பத்து மாமா வந்து கூடத்தில் உட்கார்ந்தார். செய்முறைத் தேர்வு ஒன்றுதான் பாக்கி என்று சொன்னேன். அதுவும் மத்தியானத்தில்தான்.

"இனிமே யாரு போயி ஒக்கார்றது?" என்றார் மாமா. "ஒங்கம்மா வருசம் திரும்பாம வாசப்படி தாண்டக் கூடாது. எனக்கு அறுப்பு வேல. வயசுப் பொண்ணு தனியா அத்தினி ஆம்பளப் பசங்களோட ஒக்காந்தா நாளக்கி எம் புள்ளயத்தான் ஊரு கேக்கும். போதும் படிச்சது. பங்குனியில முடிச்சிடலாம்."

தேர்வு நாள் காலையில் நான் புடவையைக் கட்டிக்கொண்டு கிளம்பியபோது அம்மா எழுந்து வந்து, அப்பாவின் தூக்குச் சட்டியில் சோற்றைப் போட்டுக் கொடுத்தாள்.

சீட்டுக் குலுக்கிப் போட்டதில் எனக்கு அந்தப் பாதரசக் குழாயே வந்தது. சந்தோஷப்பட வேண்டியவள் நான். ஆனால் அது மத்தியானம் முழுக்கச் சூடாக வேண்டிய சோதனை. அடுப்பைப் போட்டுவிட்டுப் பின்சுவர் பெஞ்சைப் பார்க்காமல் உட்கார்ந்திருந்தேன். பன்னிரண்டு மணிச் சங்கு ஊதியது. வராந்தாவில் பிரின்சிபலின் பூட்ஸ் சத்தம் கேட்டது. பேனாவை மூடிப் பையில் வைத்தேன். நிபந்தனை நிபந்தனைதான், அவரோடு வாதாட எனக்குத் தெம்பு இல்லை.

பிரின்சிபல் வாசலில் நின்று லெக்சரரைப் பார்த்தார். "இந்தப் பெண்ணின் வீட்டு ஆள்?"

அப்போது மெயின் சுவிட்சுப் பக்கமிருந்து பிரெப்பரத்தேர் உள்ளே வந்தார். கைப்பிடியை அவர் இழுத்திருக்கவில்லை. நேராகப் பின்சுவருக்குப் போனார். தன் நாற்காலியைத் தாண்டிப்போய் அப்பாவின் பெஞ்சில் உட்கார்ந்து, தொப்பியை முழங்காலில் வைத்துக்கொண்டார்.

"வீட்டு ஆள் நாந்தான், முசியே" என்றார்.

பிரின்சிபல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு திரும்பிப் போய்விட்டார். நான் பேனாவை எடுத்தேன். முதல் சில அளவுகளை இரண்டு முறை எடுக்க வேண்டியிருந்தது. முள் இறங்க வேண்டிய இடத்தில் இறங்கியது. வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் என் வரைபடத்தைப் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார். "எலக்ட்ரான் இழந்த சக்தி எங்கே போயிற்று?"

"அணு வாங்கிக்கொள்கிறது, சார். பிறகு வெளிச்சமாக வெளியே விடுகிறது. கண்ணுக்குத் தெரியாத வெளிச்சம்" என்றேன். சொல்லிவிட்டுப் பின்சுவர்ப் பெஞ்சைத் திரும்பிப் பார்த்தேன். பதில் சரியா என்று பயப்படுகிறேன் என்று நினைத்து அவர், "போதும் அம்மா, சரிதான்" என்றார்.

நான் பாஸ் செய்தேன். பிறகு அதே லேபில் வேலைக்கும் வந்தேன். மாமா வீட்டில் வேறு பெண் பார்த்துக்கொண்டார்கள். அடுத்த வருஷம், யார் எந்த நாட்டுக் குடி என்று எழுதிக் கொடுக்கச் சொன்னபோது, பிரெப்பரத்தேர் பிரான்ஸ் என்று எழுதிக் கொடுத்துவிட்டு, அங்கே இருந்த மகனிடம் போகக் கப்பல் ஏறினார். அதெல்லாம் பிறகு நடந்தது. தேர்வு அன்று மூன்று மணிக்கு எல்லோரும் போன பிறகு, நான் அடுப்பை அணைத்துவிட்டு வராந்தாவுக்கு வந்தேன். அவர் மெயின் சுவிட்சுக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். எப்போதும் என்னைப் பிரெஞ்சுக்காரப் பெண்களைக் கூப்பிடுகிற மாதிரி 'மத்முவசேல்' என்றுதான் கூப்பிடுவார். அன்று அப்படிக் கூப்பிடவில்லை.

"வாம்மா" என்று சற்று விலகி நின்றார். "ஒங்கப்பா எத்தினியோ தரம் கேட்டாரு. நான் குடுக்கல. நீயே எறக்கு."

தூக்குச் சட்டியைத் தரையில் வைத்தேன். இரும்பு வெயிலில் சூடாக இருந்தது. இரண்டு கையாலும் பிடித்து இழுத்தேன்.